விடை இல்லாத பாடப்புத்தகம்! அரசுப் பள்ளிகளில் 30 ஆண்டுகள் நடந்த அறிவியல் வகுப்பு

ஆரத்தித் தட்டில் மஞ்சளைக் கரைத்து, ஒரு சிட்டிகை சுண்ணாம்பு போட்டதும் தண்ணீர் ஏன் ரத்தச் சிவப்பாகிறது? இதைக் கேட்காத குழந்தை தமிழ்நாட்டில் இருக்க வாய்ப்பில்லை. 'அது அப்படித்தான்', 'கையை வைக்காதே, சட்டையில கறை படும்' ஆகிய இரண்டு பதில்களில் ஒன்றை வாங்கிக்கொள்ளாத குழந்தையும் இருக்க வாய்ப்பில்லை.

சில வருடங்கள் கழித்து அதே குழந்தை நடுநிலை வகுப்பில் உட்கார்ந்து, 'மஞ்சள் ஓர் இயற்கை நிறங்காட்டி. காரத்தில் சிவப்பாக மாறும்' என்று மனப்பாடம் செய்கிறது. கோடிட்ட இடத்தை நிரப்புகிறது, ஒரு மதிப்பெண் வாங்குகிறது. ஐந்து வயதில் ஆரத்தித் தட்டைப் பார்த்துக் கேட்ட கேள்விக்கான விடைதான் அது என்பது பல பிள்ளைகளுக்குக் கடைசிவரை தெரிவதில்லை. கேள்வி வீட்டில் கிடக்கிறது, விடை பள்ளிக்கூடத்தில் கிடக்கிறது.

இந்த வரிசையைத் திருப்பிப்போட்டுப் பார்க்கலாம். வகுப்பில் ஆளுக்கொரு மஞ்சள் தடவிய காகிதம். மேசையில் எலுமிச்சைச் சாறு, சோப்புத் தண்ணீர், உப்புத் தண்ணீர், புளிக்கரைசல், சாம்பல் கரைத்த தண்ணீர், ஷாம்பூ. 'எதை விட்டால் நிறம் மாறும்? முதலில் ஊகித்து நோட்டில் எழுதுங்கள், பிறகு சொட்டு விடுங்கள்' என்கிறார் ஆசிரியர். சோப்புக்குச் சிவக்கிறது, சாம்பல் தண்ணீருக்கும் சிவக்கிறது. புளிக்கு மாறவில்லை. பெரும்பாலான ஷாம்பூக்களுக்கும் மாறாது. 'சோப்பும் நுரை, ஷாம்பூவும் நுரை. அப்புறம் ஏன் சார்?' என்று ஒருத்தி கேட்பாள். இன்னொருவன் சிவந்த இடத்தில் எலுமிச்சைச் சாறு விட்டுப் பார்ப்பான். மறுபடியும் மஞ்சள்! 'காரம்' என்ற சொல்லை ஆசிரியர் கரும்பலகையில் எழுதுவது இவ்வளவும் நடந்த பிறகுதான்.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. 'நாற்பது பிள்ளைகள், நாற்பத்தைந்து நிமிஷ பீரியட், முடிக்கவேண்டிய போர்ஷன் மலை மாதிரி. இதெல்லாம் நடக்கிற காரியமா?' என்று எந்த ஆசிரியரும் கேட்பார். நியாயமான கேள்விதான். அதற்கு விடை தேட வெளிநாடு போகவேண்டியதில்லை. மத்தியப் பிரதேசத்தில், நர்மதை ஆற்றங்கரையில், சாதாரண அரசுப் பள்ளிகளில் முப்பது ஆண்டுகள் இது நடந்திருக்கிறது.

16 பள்ளிகளில் தொடங்கிய கதை

ஹோஷங்காபாத் மாவட்டம். இப்போது அதன் பெயர் நர்மதாபுரம். கோதுமை விளையும் கிராமங்கள். 1972-ல் இங்குள்ள 16 நடுநிலைப் பள்ளிகளில் ஆறு முதல் எட்டு வரையிலான வகுப்புகளுக்கு ஒரு புதிய அறிவியல் பாடம் தொடங்கியது. தொடங்கியவை இரண்டு தொண்டு அமைப்புகள். ஒன்று, ரசூலியாவில் இருந்த நண்பர்கள் கிராம மையம். இன்னொன்று, கிஷோர் பாரதி. மும்பையின் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தில் மூலக்கூறு உயிரியல் விஞ்ஞானியாக இருந்த அனில் சத்கோபால், அந்த வேலையை விட்டுவிட்டு கிராமத்துக்கு வந்து ஆரம்பித்தது அது. டாடா நிறுவன விஞ்ஞானிகளும் டெல்லிப் பல்கலைக்கழகப் பேராசிரியர்களும் கிராமத்துப் பள்ளிக்கு வந்து, வாத்தியார்களோடு தரையில் உட்கார்ந்து பாடம் தயாரித்தார்கள். பிற்காலத்தில் நாடறிந்த யஷ்பாலும் அவர்களில் ஒருவர்.

1978-ல் திட்டம் மாவட்டம் முழுவதற்கும் விரிந்தது. 1982-ல் இதை வளர்த்தெடுக்கவே ஏகலவ்யா என்ற அமைப்பு உருவானது. பிறகு பல மாவட்டங்கள், பல நூறு பள்ளிகள். எல்லாமே அரசின் அனுமதியோடு, அரசு ஆசிரியர்களைக் கொண்டு நடந்தவை.

பாடப்புத்தகத்தின் பெயர் 'பால் வைக்யானிக்'. குழந்தை விஞ்ஞானி என்று அர்த்தம். அதைப் புரட்டிப் பார்த்த பெற்றோர் பலருக்கு முதலில் தலைசுற்றியிருக்கும். ஏனென்றால் அதில் விடைகளே இல்லை. இதைச் செய், இதை அளந்து பார், அட்டவணையில் எழுது, என்ன தெரிகிறது, ஏன் அப்படி? இப்படிச் செய்முறைகளும் கேள்விகளும் மட்டும்தான். விடையைப் பிள்ளைகள் தங்கள் நோட்டில் எழுதவேண்டும். புத்தகமும் நோட்டும் சேர்ந்தால்தான் பாடம் முழுமையாகும்.

நான்கு பிள்ளைகளுக்கு ஒரு குழு. குழுவுக்குக் கொஞ்சம் கருவிகள். ஆய்வகம் என்று தனி அறை கிடையாது. வகுப்பறைத் தரை, மரத்தடி, வயல் வரப்பு எல்லாமே ஆய்வகம். பூவைப் பிரித்துப் பார்க்க ஊசி வாங்கிக் கட்டுப்படியாகவில்லை என்றபோது, கருவேல முள் கைகொடுத்தது. முள் முனை மழுங்கினால் வேலியில் இன்னொன்று!

1978-ல் புனே டெல்கோ தொழிற்சாலையில் ஒரு வருடம் விடுப்பு எடுத்துக்கொண்டு இங்கே வந்தார் ஐ.ஐ.டி. கான்பூரில் படித்த ஓர் இன்ஜினீயர். சைக்கிள் டயரில் போடும் வால்வு டியூபைத் துண்டு துண்டாக நறுக்கி, தீக்குச்சிகளை அதில் செருகி இணைத்தார். மூன்று குச்சி சேர்ந்தால் முக்கோணம், நான்கு சேர்ந்தால் சதுரம். சதுரத்தை லேசாக அழுத்தினால் சாய்ந்துவிடும். முக்கோணம் அசையாது. கரன்ட் டவரில் ஏன் அத்தனை முக்கோணங்கள் என்பதற்குப் பத்து வயதுப் பிள்ளை கையாலேயே விடை கண்டுபிடித்துவிடும். அந்த இன்ஜினீயர்தான் அரவிந்த் குப்தா. குப்பையிலிருந்து அறிவியல் பொம்மைகள் செய்வதற்காக உலகம் முழுக்கத் தெரிந்தவர். 2018-ல் பத்மஸ்ரீ பெற்றார்.

பிள்ளைகளின் கேள்விகளுக்குப் பதில் சொல்ல ஒரு கற்பனை மனிதரையும் உருவாக்கினார்கள். பெயர் சவாலிராம். அவருக்குக் கடிதம் எழுதினால் பதில் வரும். இந்தியில் 'சவால்' என்றால் கேள்வி. தமிழில் அந்தச் சொல்லுக்கு அர்த்தம் வேறு. பிள்ளைகளின் சில கேள்விகளைப் படித்த விஞ்ஞானிகளுக்குத் தமிழ் அர்த்தம்தான் சரியாகப் பட்டிருக்கும்.

ஒரு நூல், ஒரு கல்

பொருட்களைக் கையில் கொடுத்துவிட்டாலே இந்த முறை வந்துவிடும் என்று நினைப்பவர்கள் உண்டு. அப்படியில்லை என்பதைப் புரிந்துகொள்ள, தனி ஊசல் நல்ல உதாரணம். நூலில் கட்டிய கல், அவ்வளவுதான்.

பிளஸ் டூ படித்தவர்களுக்கு ஃபிசிக்ஸ் லேபில் ரீடிங் எடுத்த அனுபவம் நினைவிருக்கும். வரவேண்டிய விடை புத்தகத்தில் இருக்கிறது. எனவே விடையிலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போட்டு, அதற்குத் தோதாக ரீடிங்கை எழுதி, 'ரெக்கார்டு நோட்டில்' கையெழுத்து வாங்கியவர்கள் எத்தனையோ பேர். அதுவும் செய்முறைதான். ஆனால் அதில் தேடுவதற்கு ஒன்றுமே இல்லை.

அதே ஊசலை ஏழாம் வகுப்பில் வேறு மாதிரி தொடங்கலாம். 'ஊசல் வேகமாக ஆடவேண்டும் என்றால் எதை மாற்றவேண்டும்?' கிட்டத்தட்ட எல்லாப் பிள்ளைகளும் 'கனமான கல்லைக் கட்டணும்' என்பார்கள். பெரியவர்களிலும் பாதிப் பேர் அதைத்தான் சொல்வார்கள். 'சரி, செய்து பாருங்கள்.' 25 செ.மீ. நூல். ஒருவர் பிடிக்க, ஒருவர் எண்ண, ஒருவர் நேரம் பார்க்க, ஒருவர் எழுத.

10 ஆட்டத்துக்கு ஏறக்குறைய 10 விநாடி வரும். ஆனால் ஐந்து குழுக்கள் கரும்பலகையில் எழுதும்போது 10.1, 9.8, 10.3, 10, 9.1 என்று வந்தது என்று வைத்துக்கொள்வோம். 'எது சார் சரியான விடை?' இந்த இடத்தில்தான் ஆசிரியரின் நாக்கு பரபரக்கும். பத்து என்று சொல்லிவிட்டால் வேலை முடிந்தது. பாடமும் முடிந்தது.

சொல்லாமல் இருந்தால்? அந்த 9.1 குழுவிடம், 'எப்படி எண்ணினீங்க, இன்னொரு தடவை சத்தமா எண்ணுங்க' என்று கேட்டால் குட்டு வெளிப்படும். கல்லை விட்ட உடனேயே 'ஒண்ணு' என்று தொடங்கியிருப்பார்கள். ஆகவே அவர்கள் எண்ணியது ஒன்பது ஆட்டம்தான். சுழியத்தில் தொடங்கவேண்டும் என்பதைத் தாங்களே பிடித்த பிள்ளைகள் அதை ஆயுசுக்கும் மறக்கமாட்டார்கள். மற்ற நான்கு குழுக்களின் சின்னச் சின்ன வித்தியாசங்கள் தவறே இல்லை. யார் அளந்தாலும், எத்தனை முறை அளந்தாலும் கொஞ்சம் ஏறும், கொஞ்சம் இறங்கும். ஹோஷங்காபாத் பாடத்தில் இந்த ஏற்ற இறக்கத்துக்கென்றே தனி அத்தியாயம் வைத்திருந்தார்கள். ரேஷன் கடைத் தராசு முதல் டாக்டர் பார்க்கும் ரத்த அழுத்தம் வரை பயன்படுகிற பாடம் அது. வழக்கமான புத்தகங்களில் அதற்குக் கிடைக்கும் இடம் மிகக் குறைவு.

கனத்துக்கு வருவோம். சின்னக் கல், பெரிய கல் இரண்டுக்கும் ஏறக்குறைய ஒரே நேரம்தான் ஆகும். ஆனால் ஒரு குழு வந்து, 'பெரிய கல் மெதுவா ஆடுது சார்' என்று சாதிக்கும். அவர்கள் பொய் சொல்லவில்லை. ஊசலின் நீளத்தைக் கல்லின் நடுப்பகுதிவரை அளக்கவேண்டும். பெரிய கல்லைக் கட்டும்போது நடுப்பகுதி கீழே இறங்கி, ஊசல் கொஞ்சம் நீண்டுவிடுகிறது. இது தெரிந்த ஆசிரியரால் அந்தக் குழுவை 'நூலை மட்டும் அளந்தீங்களா?' என்ற ஒரே கேள்வியால் சரியான பாதைக்குத் திருப்ப முடியும். தெரியாதவர், 'தப்பா செஞ்சிருக்கீங்க, போய் உட்காருங்க' என்றுதான் சொல்வார்.

பிறகு நூலை நான்கு மடங்காக்கி ஒரு மீட்டர் வைத்தால்? நேரமும் நான்கு மடங்காகும் என்று எல்லோரும் ஊகிப்பார்கள். இரண்டு மடங்குதான் ஆகும். 20 விநாடி. வகுப்பில் ஒரு நிமிடம் நிசப்தம் நிலவும்.

வாத்தியாருக்கு வேலை குறைகிறதா?

பிள்ளைகளே கண்டுபிடித்துக்கொள்கிறார்கள் என்றால் ஆசிரியருக்கு என்ன வேலை என்று கேலி பேசுவது சுலபம். மேலே சொன்ன ஒரே ஒரு ஊசல் வகுப்புக்கு ஆசிரியர் எவ்வளவு தெரிந்து வைத்திருக்கவேண்டும் பாருங்கள். வழக்கமான வகுப்புக்குப் பாடப்புத்தகத்தை ஒருமுறை வாசித்துவிட்டு வந்தால் போதும். இதற்கு, பிள்ளைகள் எங்கெல்லாம் சறுக்குவார்கள் என்பதைத் தானே ஒருமுறை சறுக்கிப் பார்த்திருக்கவேண்டும்.

ஹோஷங்காபாத் திட்டம் இதைப் புரிந்துகொண்டிருந்தது. கோடை விடுமுறையில் ஆசிரியர்களுக்கு வாரக்கணக்கில் பயிற்சி. பிள்ளைகளைப் போலவே நான்கு நான்கு பேராகப் பிரிந்து, அதே சோதனைகளைச் செய்து, அதே தவறுகளைச் செய்து கற்றார்கள். பயிற்சி முடிந்து ஊருக்குப் போனதோடு விட்டுவிடவில்லை. மாதந்தோறும் கூட்டம். எந்தப் பாடம் வகுப்பில் சொதப்பியது, எந்தக் கேள்விக்குத் திணறினோம் என்று பேசுவதற்கான கூட்டம். அங்கிருந்து வந்த விமர்சனங்களால் பாடப்புத்தகமே திருத்தி எழுதப்பட்டது. கிராமத்து ஆசிரியர் சொல்லி ஒரு பாடநூல் மாறுவது நம் நாட்டில் அடிக்கடி நடக்கிற விஷயம் இல்லை.

முழுக்கப் பிள்ளைகள் போக்கில் விட்டுவிடுவதும் ஆபத்துதான். கிர்ஷ்னர், ஸ்வெல்லர், கிளார்க் என்ற மூன்று கல்வி ஆய்வாளர்கள் 2006-ல் எழுதிய ஒரு கட்டுரை கல்வி உலகில் பெரிய விவாதத்தைக் கிளப்பியது. புதிதாகக் கற்பவர்களைப் போதிய வழிகாட்டல் இல்லாமல் விட்டால் குழப்பமே மிஞ்சும் என்பது அவர்கள் வாதம். அதில் உண்மை இருக்கிறது. நியூட்டன் பல வருடங்கள் யோசித்ததை ஒரு பீரியடில் கண்டுபிடி என்று பிள்ளையிடம் சொல்ல முடியாது. சரியான பொருளும் சரியான கேள்வியும் சரியான நேரத்தில் ஒரு சின்னத் துப்பும் ஆசிரியரிடமிருந்து வரவேண்டும்.

புத்தகத்தைத் திறந்து வைத்து ஒரு பரீட்சை

ஹோஷங்காபாத்தில் நடந்ததிலேயே துணிச்சலான காரியம் இதுதான். பரீட்சையை மாற்றினார்கள். எட்டாம் வகுப்புத் தேர்வில் பிள்ளைகள் புத்தகத்தையும் நோட்டையும் திறந்து வைத்துக்கொண்டு எழுதலாம். கூடவே செய்முறைத் தேர்வும் உண்டு. புத்தகத்தில்தான் விடை கிடையாதே, பார்த்து எழுத என்ன இருக்கிறது!

அப்படிப்பட்ட தேர்வில் என்ன கேட்க முடியும்? உதாரணத்துக்கு இப்படி ஒன்று. 'ஒருவர் இரண்டு தொட்டிகளில் அவரை விதை போட்டார். ஒன்றை வெயிலில் வைத்துத் தண்ணீர் ஊற்றினார். இன்னொன்றை இருட்டறையில் வைத்துவிட்டுத் தண்ணீர் ஊற்ற மறந்துவிட்டார். இரண்டாவது முளைக்கவில்லை. விதை முளைக்க வெளிச்சம் கட்டாயம் தேவை என்று அவர் முடிவுசெய்தார். அவர் சொன்னது சரியா? நீயாக இருந்தால் எப்படிச் செய்வாய்?' இதை மனப்பாடம் செய்து எழுத முடியாது. டியூஷன் சென்டரில் 'முக்கியமான கேள்வி' என்று டிக் அடித்துக் கொடுக்கவும் முடியாது.

வகுப்பறையில் எவ்வளவு சோதனை செய்தாலும், கடைசியில் 'வரையறு, வேறுபடுத்து' என்றே தேர்வு கேட்டால், நவம்பர் மாதத்துக்குள் அந்தக் கருவிகள் அலமாரிக்குள் போய்விடும். பிள்ளைகளும் பெற்றோரும் மதிப்பெண் எங்கே இருக்கிறதோ அங்கேதான் போவார்கள். அவர்களைக் குறைசொல்லிப் பயனில்லை.

2002 ஜூலையில் மத்தியப் பிரதேச அரசு இந்தத் திட்டத்தை நிறுத்தியது. மற்ற மாவட்டப் பிள்ளைகள் படிக்கும் பல விஷயங்கள் இதில் இல்லை, ஒன்பதாம் வகுப்புக்குப் போனால் திணறுவார்கள் என்ற பேச்சு அங்கே நீண்ட நாள்களாக இருந்தது. கண்ணால் பார்க்க முடியாத, செய்து பார்க்க முடியாத கருத்துகளைப் பிற்பாடு கற்கட்டும் என்று திட்டத்தில் தள்ளி வைத்திருந்தது உண்மைதான். அந்தக் கவலைக்குப் பதில், மேல் வகுப்புகளையும் இதே வழியில் மாற்றியிருப்பது. அது நடக்கவில்லை. நாடு முழுவதுமிருந்து விஞ்ஞானிகளும் கல்வியாளர்களும் எதிர்ப்புத் தெரிவித்தும் பலனில்லை. ஆனால் விதை வேறு இடத்தில் விழுந்தது. மூன்று வருடம் கழித்து வந்த தேசியக் கலைத்திட்ட வடிவமைப்பு 2005-க்குத் தலைமை வகித்தவர், அதே யஷ்பால்.

தமிழ்நாட்டில் எப்படி?

இங்கேயும் தொடர்ந்து முயற்சிகள் நடக்கின்றன. தமிழ்நாடு அறிவியல் இயக்கமும் அதன் 'துளிர்' இதழும் பல தலைமுறைப் பிள்ளைகளைக் கேள்வி கேட்க வைத்திருக்கின்றன. 1993 முதல் தேசிய அளவில் நடக்கும் குழந்தைகள் அறிவியல் மாநாட்டுக்காக, தங்கள் ஊர்க் குளத்தையும் குப்பையையும் பயிரையும் ஆராய்ந்து கட்டுரை சமர்ப்பித்த மாணவர்கள் ஏராளம்.

2022 நவம்பர் 28-ம் தேதி, திருச்சி மாவட்டம் பாப்பாக்குறிச்சி காட்டூரில் 'வானவில் மன்றம்' தொடங்கப்பட்டது. ஆறு முதல் எட்டு வரை படிக்கும் மாணவர்களுக்காக, 13,000-க்கும் மேற்பட்ட அரசுப் பள்ளிகளில் கணித, அறிவியல் சோதனைகளைச் செய்துகாட்டும் திட்டம். கருத்தாளர்கள் பொருள்களோடு பள்ளி பள்ளியாகப் போகிறார்கள். நல்ல தொடக்கம்தான். கருத்தாளர் செய்து காட்டிவிட்டுப் போனபிறகு, மறுநாள் அந்த வகுப்பு ஆசிரியர் அதை எங்கே எடுத்துச்செல்கிறார் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. பிள்ளைகள் கைதட்டினால் அது காட்சி. 'சார், இதை இப்படி மாத்தினா என்ன ஆகும்?' என்று ஒரு பிள்ளை எழுந்து நின்றால்தான் பாடம்.

பரீட்சை விஷயத்தில் தமிழ்நாட்டுக்கு ஒரு வசதி உண்டு. எட்டாம் வகுப்புக்குப் பொதுத்தேர்வு என்று 2019-ல் வந்த அறிவிப்பு, 2020 பிப்ரவரியில் திரும்பப் பெறப்பட்டது. பத்தாம் வகுப்பு பயம் தொடங்குவதற்கு முன் மூன்று வருடங்கள் கையில் இருக்கின்றன. 2012-13-ல் வந்த முப்பருவ முறையில், 60 மதிப்பெண்தான் எழுத்துத் தேர்வுக்கு. மீதி 40 வளரறி மதிப்பீட்டுக்கு, அதாவது செயல்பாடுகளுக்கும் செயல்திட்டங்களுக்கும் சிறு தேர்வுகளுக்கும்!

அந்தச் செயல்திட்ட மதிப்பெண் எப்படிச் செலவாகிறது என்பது பெற்றோருக்குத் தெரியும். இரவு பத்து மணிக்கு, 'அம்மா, நாளைக்கு ப்ராஜெக்ட் கொண்டுபோகணும்' என்று குரல் வரும். அப்பா தெர்மாகோல் வாங்க ஓடுவார். அம்மா எரிமலை கட்டுவார். சமையல் சோடா, வினிகர், சிவப்புச் சாயம். பிள்ளை பதினோரு மணிக்குத் தூங்கிவிடும். அறிவியல் கண்காட்சியில் ஒரே மாதிரி ஏழு எரிமலைகள் பொங்கும். உண்மையில் அந்த எரிமலைக்குள் அருமையான கேள்விகள் இருக்கின்றன. வினிகரைக் கூட்டினால் நுரை கூடுமா? ஒரு கட்டத்துக்கு மேல் ஏன் கூடவில்லை? வினிகருக்குப் பதில் எலுமிச்சை என்றால்? நுரையில் இருக்கும் வாயு என்ன, தீக்குச்சி காட்டினால் ஏன் அணைகிறது? இதில் ஒன்றைப் பிள்ளையே செய்து, நான்கு வரி எழுதி வந்தால் போதும், தெர்மாகோல் செலவு மிச்சம். அப்படி எழுதி வரும் நான்கு வரிக்கு, பளபளப்பான சார்ட்டைவிட அதிக மதிப்பெண் போட ஆசிரியர் தயாராக இருந்தால், அடுத்த வருடம் எரிமலை எண்ணிக்கை தானாகக் குறையும்.

வீட்டில் தொடங்க

மேலே வந்த விதைக் கேள்வியை வீட்டிலேயே செய்து பார்க்கலாம். ஒரு கைப்பிடி பச்சைப்பயறை இரவு ஊறவையுங்கள். காலையில் பிள்ளையை விட்டு இருபது இருபதாக எண்ணி, ஈரத்துணி விரித்த மூன்று கிண்ணங்களில் போடச் சொல்லுங்கள். ஒன்று ஜன்னலோரம். ஒன்று மூடிய அலமாரிக்குள். மூன்றாவது ஃப்ரிட்ஜில். மூன்றுக்கும் ஒரே அளவு தண்ணீர், அதில் மட்டும் ஏமாற்றக் கூடாது. எதில் எத்தனை முளைக்கும் என்று வீட்டில் உள்ள எல்லோரும், தாத்தா பாட்டி உட்பட, முன்கூட்டியே எழுதி வைத்துவிட வேண்டும். அவசரப்பட்டு கூகுளில் தேடுவதற்குத் தடை.

ஒன்றிரண்டு நாள்களில் தெரிந்துவிடும். பிள்ளை தினமும் எண்ணி எழுதட்டும். எண்ணிக்கை சரியாக வராவிட்டால் திருத்தாதீர்கள், 'எப்படி எண்ணினே?' என்று மட்டும் கேளுங்கள். அலமாரிக்குள் இருந்ததும் முளைத்திருப்பதைப் பார்த்ததும் அடுத்த கேள்வி அங்கிருந்தே வரும். 'இருட்டுல முளைச்சதை அப்படியே விட்டா என்னம்மா ஆகும்?' நான்கைந்து பயறை மட்டும் அதற்காக அலமாரியிலேயே விட்டுவையுங்கள். மற்றதைக் கடுகு, கறிவேப்பிலை தாளித்து, தேங்காய் துருவிப்போட்டு சாயங்காலம் சுண்டல் செய்துவிடலாம்.